இசை பயிலத் தொடங்குவோர்

மாணவர்களே! பாடுதல் எல்லார்க்கும் எளிது. சுருதியோடு இயைந்து பாடுதலே அரிது. இசை பயிலப் புகுந்தோருள் பலர், சில திங்களிலேயே, "எனக்குக் குரல் வாய்க்கவில்லை" என்று கூறிப் பயிற்சியைக் கைவிடுகின்றனர். அவர்கள் பழிப்பது குரலை, பழகாதிருப்பதோ செவி.

தம்பூராவின் நான்கு தந்திகள் பஞ்சமத்தையும் சட்ஜத்தையும் இடையறாது ஒலிக்கின்றன. தொடக்கத்தில் அவ்வொலியை அமைதியாகக் கேட்டலே முதற்கடமை. தன் குரல் அதனோடு பொருந்துகின்றதா என உணரும் ஆற்றல் வந்த பின்னரே குரல் வசப்படும். நம் குரலை நாம் காற்றின் வழியே மட்டுமன்றி, மண்டையெலும்பின் அதிர்வு வழியாகவும் கேட்கின்றோம். ஆதலின், அது பிறர்க்குக் கேட்பதுபோல் நமக்குக் கேட்பதில்லை. பிழையைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் வேண்டப்படுவது இதனாலேயாம்.

அடுத்து வருவது சரளி வரிசை. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர், இதனை மாயாமாளவகௌளை இராகத்தில் வகுத்தார் என்பது மரபு. இவ்விராகத்தில் சட்ஜத்திற்கு மிக அருகில் ரிஷபமும், அதற்கு நெடுந்தொலைவில் காந்தாரமும், அதனை அடுத்து மத்திமமும் நிற்கின்றன. பஞ்சமம் முதல் மேற்சட்ஜம் வரையிலும் இதே அமைப்புத்தான். ஆகவே, ஒரு பாதியைச் செம்மையாகப் பயின்றவனுக்கு மறுபாதி எளிதாகும்.

வரிசைகளை மூன்று காலங்களிலும் பாடுதல் வேண்டும். தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு முதற்காலத்தில் ஒரு சுரம், இரண்டாங்காலத்தில் இரண்டு, மூன்றாங்காலத்தில் நான்கு. குரல் விரையும்போது கையும் உடன் விரைதல் தொடக்கநிலையினர்க்கு இயல்பு. கை மாறாது நிற்கக் குரல் மட்டும் விரைதலே இங்கே கற்க வேண்டிய பாடம்.

உங்கள் வயதினர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. வளரிளம் பருவத்தில் ஆண்பிள்ளைகளின் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்கின்றது. நேற்றுப் பாடிய மேற்சுரம் இன்று உடைந்து ஒலிக்கும். பெண்பிள்ளைகளின் குரலும் சிறிது தாழ்வதுண்டு. இது நோயன்று, வளர்ச்சியே. இக்காலத்தில் உரத்துக் கத்திக் குரலை வருத்துதல் கூடாது. ஏற்ற சுருதிக்குத் தாழ்த்திக்கொண்டு, சிறிது நேரமே மெல்லப் பாடுதல் வேண்டும். பாடாத பொழுதுகளில் நல்லிசையைக் கேட்டுவரின், குரல் நிலைபெறும் நாளில் அதனை வழிநடத்தும் செவி ஆயத்தமாயிருக்கும். குரல் மாறும் பருவத்தை, குரல் இல்லாத குறையென மயங்கி இசையைத் துறத்தலாகாது.