துடிப்பு தெரிகிறது, ஆள் எங்கே?

மருத்துவமனைக் கருவிகளைப் பற்றிய நமது தொலைக்காட்சிக் கலந்துரையாடலில், நெறியாளர் என்பதால் என் சொந்தக் கதையை அடக்கிக்கொண்டேன். இங்கே அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பா நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மார்பில் ஐந்து ஒட்டுவில்லைகள், அவற்றிலிருந்து கம்பிகள், சட்டைப் பையில் கைத்தொலைபேசி அளவில் ஒரு பெட்டி. அது அவருடைய இதயத்துடிப்பை வானலை வழியாகத் தாதியர் மேசைத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மறுநாள் நான் கஞ்சியோடு போனபோது கட்டில் காலி. எக்ஸ்ரே எடுக்கப் போயிருப்பார் என்று உட்கார்ந்திருந்தேன். திடீரென்று இரண்டு தாதியர் அவசர வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, “அங்கிள் எங்கே?” என்று என்னைக் கேட்டார்கள்.

திரை அவர்களுக்குக் காட்டியது 14ஆம் கட்டில் என்பதை மட்டுமே. எக்ஸ்ரே பிரிவுக்குத் தொலைபேசியில் கேட்டால், அவர் அங்கிருந்து கிளம்பிவிட்டாராம். கடைசியில் இரண்டாம் மாடி மின்தூக்கி வாசலில், சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார். வியர்வையில் ஒரு வில்லை தளர்ந்திருந்தது. அது அசைந்தபோது எழுந்த கோணல்மாணலான கோட்டைக் கருவி ஆபத்தான துடிப்பு என்று எண்ணிவிட்டது. “என்னம்மா, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி எல்லாரும் ஓடி வர்றீங்க?” என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையிலேயே இதயம் நின்றிருந்தால் அந்த ஐந்து நிமிடத்தை யார் திருப்பித் தருவது?

ஆக, இந்தப் பெட்டி இரண்டு கேள்விகளுக்கு ஓயாமல் விடை சொல்ல வேண்டும். நான் தொடர்பில் இருக்கிறேனா? நான் எங்கே இருக்கிறேன்?

முதல் கேள்வியைப் பார்ப்போம். பெட்டியின் குரலைக் கேட்பதற்கு வார்டின் கூரையில் ஆங்காங்கே வாங்கிகள் இருக்கும். நோயாளி நடக்க நடக்க, ஒரு வாங்கி அவரை அடுத்ததிடம் ஒப்படைக்க வேண்டும். மின்தூக்கி ஓர் இரும்புப் பெட்டி. எக்ஸ்ரே அறையின் சுவரில் ஈயம். இரண்டிலும் வானலை திணறும். வைஃபை, புளூடூத் கருவிகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உடலில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பெட்டியின்மேல் புரண்டு படுத்தாலே சமிக்ஞை மெலியும். தொடர்பு அறுந்த நேரத்து அளவுகளைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் பெட்டிகளும் உண்டு. மருத்துவருக்கு அது உதவும். ஆனால் சேமித்து வைத்த துடிப்பு தாதியைக் கூப்பிடாது. அதனால் ‘துடிப்பு இல்லை’ வேறு, ‘தொடர்பு இல்லை’ வேறு என்று திரை பிரித்துக் காட்டுவதோடு, தொடர்பு அறுந்தாலும் மணி அடித்தாக வேண்டும்.

வானலையில் இட நெருக்கடி எங்களைப் போன்றவர்களுக்குப் பழகிய தலைவலி. வெளிப்புற மேடைகளில் கம்பியில்லா ஒலிவாங்கிக்குள் யாரோ ஒருவரின் பேச்சு வந்து விழுந்து மானத்தை வாங்கியதுண்டு. மருத்துவமனையிலும் அது நடந்திருக்கிறது, அதுவும் தொலைக்காட்சியால். 1998 பிப்ரவரியில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு நிலையம் இலக்கமுறை ஒளிபரப்பைச் சோதித்தபோது, அங்கிருந்த பேய்லர் மருத்துவமனையின் கம்பியில்லா இதயக் கண்காணிப்புக் கருவிகள் குழம்பிவிட்டன. அக்காலத்தில் இத்தகைய கருவிகள் காலியாக இருந்த தொலைக்காட்சி ஒளிவழிகளை இரவல் வாங்கி ஓடின. சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பியதும் குடியிருந்தவருக்கு இடமில்லை! நல்லவேளை, நோயாளிகளுக்குப் பாதிப்பில்லை. நிலையமும் விஷயம் தெரிந்ததும் ஒளிபரப்பை நிறுத்தியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொடர்புத்துறை ஆணையம் மருத்துவக் கண்காணிப்புக்கென்றே தனி அலைவரிசைகளை ஒதுக்கியது.

இரண்டாவது கேள்வி இடம். எந்த வாங்கி கேட்டதோ அதன் அருகில்தான் ஆள் இருக்கிறார் என்று கொள்வது எளிய வழி. மூன்று வாங்கிகளில் வந்து சேரும் வலிமையை ஒப்பிட்டால் இன்னும் நெருங்கலாம். ஆனால் வானலை மாடித்தளத்தையும் ஊடுருவுவதால், ஆறாம் மாடியில் இருப்பவரை ஐந்தாம் மாடியில் காட்டிவிடக்கூடும். தொலைக்காட்சித் தொலைஇயக்கியில் உள்ள அகச்சிவப்பு ஒளியோ சுவரைத் தாண்டாது. அது சொன்னால் இந்த அறையேதான். அதற்கு எதிரி போர்வை. மூடிக்கொண்டு படுத்தால் ஒளி வெளியே வராது. ஆகவே இரண்டு முறைகளையும் இணைத்துப் பயன்படுத்துவதுண்டு. தொடர்பு அறுந்துவிட்டாலும், கடைசியாகக் கேட்ட இடமும் நேரமும் திரையில் நிற்க வேண்டும். அப்பா விஷயத்தில் ‘இரண்டாம் மாடி மின்தூக்கி’ என்ற ஒரு வரி போதுமாயிருந்தது.

இடமறிதலின் அருமையைச் சிங்கப்பூர் 2003ல் வேறொரு வகையில் கண்டது. சார்ஸ் நோயால் இங்கு 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் மாண்ட காலம் அது. அலெக்சாண்டிரா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் வானலை அட்டை தரப்பட்டது. கூரையில் இருந்த கருவிகள் அதைப் படித்து, யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்று பதிவு செய்தன. ஒருவருக்கு நோய் உறுதியானால், அவர் அருகில் இருந்தவர்களை நினைவை நம்பித் தேட வேண்டியதில்லை.

இப்போது வார்டே வீட்டுக்கு வருகிறது. வீட்டிலேயே உள்நோயாளியாகச் சிகிச்சை பெறும் திட்டம் 2024 ஏப்ரல் முதல் நமது பொது மருத்துவமனைகளின் வழக்கமான சேவையாகிவிட்டது. அங்கே கூரை வாங்கிகள் இல்லை. பதிவில் மகன் வீட்டு முகவரி இருக்கும்; பெரியவர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போயிருப்பார். உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சிகிச்சை பெற்றால், எந்த புளோக், எந்த மாடி என்பதை இடம் மாறும்போதெல்லாம் தாதியிடம் சொல்லிவிடுங்கள். மருத்துவமனையிலும் அப்படியே. பெட்டி மாட்டியவரைக் கீழே காப்பிக் கடைக்கு அழைத்துப் போகலாமா என்று முதலில் கேளுங்கள்; அந்தப் பெட்டியின் குரல் காப்பிக் கடைவரை எட்டாமல் போகலாம்.