கையெழுத்துப் போடும் முன்: பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்ணின் பங்கு

அப்பாவின் கருமாதி முடிந்த சில வாரங்களில் அண்ணனிடமிருந்து போன் வரும். "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா, பட்டா மாத்தணும்." தங்கையும் சார்பதிவாளர் அலுவலகம் போவாள், கேமராவைப் பார்ப்பாள், விரல்ரேகை வைப்பாள். பத்திரத்தின் நடுவே, 'மேற்படி சொத்தில் எனக்கு இனி யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது' என்றொரு வரி இருக்கும். அது விடுதலைப் பத்திரம். தன் பங்கை அவள் முழுவதுமாக விட்டுக்கொடுத்துவிட்டாள்.

இது பணக் கணக்கு மட்டுமல்ல. தன் பெயரில் நிலமோ வீடோ உள்ள பெண்ணின் சொல்லுக்குப் புகுந்த வீட்டிலும் மதிப்பு உண்டு. பிள்ளையின் படிப்பு, கடன், மருத்துவச் செலவு என்று எதிலும் அவளைக் கேட்காமல் முடிவெடுக்கத் தயங்குவார்கள். அவளுக்குப் போக்கிடம் இருக்கிறது என்பதே அவளுக்குக் காவல். பொருளியல் அறிஞர் பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் கணவனின் அடி உதைக்கு ஆளாகியிருந்தார்கள். இரண்டும் உள்ளவர்களில் அது 7 சதவீதம்தான்.

சட்டம் தரும் உரிமை

பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை அது விலக்கியது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 20-12-2004க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தத்தைக் காட்டி மாற்ற முடியாது.

அப்பா தானே சம்பாதித்த சொத்து என்றால், உயில் எழுதாமல் அவர் இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சமபங்கு. உயில் இருந்தால் அதன்படி. இவை இந்துக்களுக்கானவை. கிறிஸ்தவர்களிலும் மகனும் மகளும் சமம். இஸ்லாமியச் சட்டப்படி மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு. "நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்பதால் மகளின் பங்கு போய்விடாது.

என்ன செய்யலாம்?

- பத்திரத்தின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கி, வெளியாள் ஒருவரிடம் காட்டுங்கள். தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.
- வாரிசுச் சான்றில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்.
- பங்கு தர மறுத்தால் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். ஏமாற்றி எழுதி வாங்கியிருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் நீதிமன்றம் போக வேண்டும்.
- வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100ஐ அழையுங்கள்.

மனமொப்பி விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம். தெரியாமல் இழப்பதுதான் கூடாது. பெற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மகளுக்குச் சேர வேண்டியதை நீங்கள் இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பிள்ளைகள் கோர்ட்டுப் படியேற வேண்டிய நிலை வராது.