காது கேளாமல் பேசிய வானொலிக்காரர்

அமெரிக்க வலதுசாரிகளின் வானொலிக் குரலாகக் கோலோச்சியவர் ரஷ் லிம்பா. 1951-இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். பதின்வயதிலேயே உள்ளூர் நிலையத்தில் பாட்டுப் போடத் தொடங்கியவர், கல்லூரியை ஓராண்டோடு விட்டுவிட்டார். பிறகு சில நிலையங்கள் அவரை வேலையைவிட்டே அனுப்பின!

சர்ச்சைக்குரிய விஷயம் என்றால் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்றொரு விதி அமெரிக்க ஒலிபரப்பில் இருந்தது. 1987-இல் அது நீங்கியது; ஒரு தரப்புக் கருத்தை மட்டுமே பேசவும் வழி திறந்தது. மறு ஆண்டே, ஆகஸ்டில், நியூயார்க்கிலிருந்து நாடு முழுவதற்கும் பேச ஆரம்பித்தார் லிம்பா. வாரநாள்களில் மூன்று மணி நேரம். விருந்தினர்கள் அபூர்வம்; அவர் பேச்சு, இடையிடையே நேயர்களின் தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். எஃப்.எம். அலைவரிசையிடம் பாட்டைப் பறிகொடுத்துத் தவித்த ஏ.எம். நிலையங்களுக்கு இது புது வாழ்வு. நிகழ்ச்சி 600-க்கும் மேற்பட்ட நிலையங்களில் ஒலித்தது. நாக்கு எல்லை மீறியதும் உண்டு. 2012-இல் ஒரு சட்ட மாணவியை இழிவாகப் பேசி, விளம்பரதாரர்கள் விலகத் தொடங்கியதும் மன்னிப்புக் கேட்டார்.

2001-இல் அவருக்குச் செவித்திறன் ஏறக்குறைய முழுதாகப் போயிற்று. ஆனாலும் நிகழ்ச்சி நிற்கவில்லை. அழைப்பவர் சொல்வதை ஊழியர்கள் தட்டச்சு செய்ய, திரையில் படித்துப் பதில் சொன்னார்! பின்னர் காதுக்குள் கருவி பொருத்திக்கொண்டார்.

நுரையீரல் புற்றுநோயால் 2021 பிப்ரவரியில், 70-ஆம் வயதில் காலமானார். அவருடைய நிகழ்ச்சி நேரத்திலேயே மனைவி கேத்ரின் அந்தச் செய்தியை அறிவித்தார்.