கடைச் சுவரில் ஊமையாகிப் போன தொலைபேசிகள்

காரைக்காலில் முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், கல்லாவுக்குப் பின்புறச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பார்க்கலாம். வெள்ளையாக வந்தது, இப்போது பழுப்பேறி இருக்கும். அதிலிருந்து கிளம்பும் ஒரு கம்பி சாமி படத்துக்குப் பின்னால் ஏறி கோடவுனுக்குப் போகும். இன்னொன்று மாடியில் முதலாளி வீட்டுக்குப் போகும். சிலர் கடையைப் பூசும்போதே கம்பியைச் சுவருக்குள் புதைத்தும் விட்டார்கள். டெலிபோன் கிடைப்பதற்கே வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கிடைத்ததை நிரந்தரமாகப் பதித்து வைத்ததில் தவறில்லை.

பெயர்ப் பலகையில் முதலில் ஐந்து இலக்க எண். பிறகு முன்னால் ஒரு 2 சேர்ந்து ஆறு இலக்கம். அதற்கும் முன்னால் 04368. இந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் நெடுங்காட்டிலும் திருமலைராயன்பட்டினத்திலும் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே அதை விட நமக்கு மனம் வருவதில்லை. மாத வாடகை கட்டிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் அந்த எண்ணோடும் அந்தக் கம்பியோடும் பிணைத்து வைத்த மற்றக் கருவிகள் இன்று வேலை செய்கின்றனவா என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் நமது உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கோடவுனில் நடந்ததையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பின்கதவுக்குத் திருட்டு அலாரம் வைத்தோம். யாராவது கதவைத் திறந்தால் அது சங்கு ஊதும். ஊதுவதோடு நிற்காமல், லேண்ட்லைன் கம்பி வழியாகத் தானே என் செல்பேசி எண்ணைச் சுழற்றிச் செய்தி சொல்லும். வைத்த அன்று சோதித்தோம், என் செல்பேசி அடித்தது. அத்தோடு மறந்தும் போனோம். 2022-ம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு பின்கதவுப் பூட்டை உடைத்து நான்கு டின் எண்ணெயும் ஒரு மூட்டைத் துவரம் பருப்பும் எடுத்துப் போய்விட்டார்கள். சங்கு சிறிது நேரம் ஊதி நின்றதாகப் பக்கத்துக் கடை வாட்ச்மேன் சொன்னார். எனக்கு அழைப்பே வரவில்லை.

மறுநாள் அலாரம் வைத்தவர்களைக் கூப்பிட்டோம். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கதவைத் திறந்ததும் அது ஒழுங்காக எண்ணைச் சுழற்றியது. மறுமுனையில் ஒரு பெண் குரல், எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து டயல் செய்யுங்கள் என்று பதிவு செய்த அறிவிப்பைச் சொல்லியது. பெட்டிக்கு அது புரியுமா? மூன்று தடவை அதே எண்ணைச் சுழற்றிவிட்டு ஓய்ந்துவிட்டது.

காரணம் இதுதான். 2021 ஜனவரி 15 முதல், லேண்ட்லைனிலிருந்து எந்தச் செல்பேசியை அழைப்பதாக இருந்தாலும் முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்று நாடு முழுவதும் விதி வந்தது. அதற்கு முன் நமது வட்டத்துக்குள் உள்ள செல்பேசிக்குப் பத்து இலக்கம் மட்டும் போதும், வெளி வட்டத்துக்குத்தான் பூஜ்யம். (வரிக்கு நமக்குப் புதுச்சேரி அரசு, அக்கரைப்பேட்டைக்குத் தமிழ்நாடு அரசு என்றாலும், தொலைபேசிக்கு இரண்டும் ஒரே தமிழ்நாடு வட்டம்தான். இந்த ஒரு விஷயத்தில் நமக்கு எல்லைத் தொல்லை இருந்ததில்லை.) எதிர்காலத்துக்கு 250 கோடிக்கும் மேற்பட்ட புதிய எண்களை உருவாக்க இடம் வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. மனிதர்கள் இரண்டு நாளில் பழகிக்கொண்டோம். சுவரில் இருந்த பெட்டிக்குச் சொல்ல ஆளில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் அது காவல் இல்லாத காவலாளியாகத் தொங்கியிருக்கிறது. அத்தனை காலமும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை நாங்கள் தவறாமல் செலுத்தியிருக்கிறோம் என்பது தனி வயிற்றெரிச்சல்.

ஆகவே லேண்ட்லைனோடு இணைத்த அலாரமோ, கோல்ட் ஸ்டோரேஜில் சூடு ஏறினால் அழைக்கும் கருவியோ வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கதவைத் திறந்து பார்த்து, செல்பேசி அடிக்கிறதா என்று சோதிக்க வேண்டுகிறோம். சங்கு ஊதினால் போதும் என்று நினைக்க வேண்டாம். அதே எண்ணை இன்டர்காம் பெட்டியின் சுருக்க எண்களில் ஏற்றி வைத்திருப்பவர்களும் பூஜ்யம் சேர்த்து மறுபடி ஏற்ற வேண்டும்.

இந்தக் கோளாறு நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் சமையலறை, படுக்கை எல்லாம் உள்ள வீடு போன்ற வண்டிகள் உண்டு. ஓய்வு பெற்றவர்கள் அதில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுவார்கள். 1980-களிலும் 90-களிலும் வந்த உயர்தர வண்டிகளில் டெலிபோனையும் சேர்த்தே பதித்து விற்றார்கள். டிரைவர் பக்கத்தில் கைப்பிடி, உள்ளே எங்கோ ஒரு பெட்டி, கூரையில் ஏரியல். 1983-ல் சிகாகோவில் தொடங்கிய அனலாக் செல்பேசி முறையில் அது வேலை செய்தது. 2008 பிப்ரவரி 18-க்குப் பிறகு அந்த முறையை நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று அந்நாட்டு அரசு சொன்னதும் பெரிய கம்பெனிகள் அதை மூடிவிட்டன. கார்களில் விபத்து நேர்ந்தால் உதவிக்கு அழைக்கும் ‘ஆன்ஸ்டார்’ என்ற கருவி உண்டு. அதில் பழைய அனலாக் வகை வைத்த கார்களுக்கும் அதே கதிதான். வண்டி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, போன் மட்டும் பேசாது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி சேவையை மூடத் தொடங்கியபோது, வண்டிகளிலும் பம்பு செட்டுகளிலும் பதித்திருந்த பெட்டிகளுக்கு இதே சிக்கல் வந்தது.

நம் பக்கத்தில் வயர் இல்லாத கருவிகளுக்கு இது ஏற்கனவே இரண்டு மூன்று முறை நடந்துவிட்டது. கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய் காசு போனை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பல ரிலையன்ஸ், டாட்டா கம்பெனிகளின் வயர் இல்லாத இணைப்பில் ஓடியவை. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 டிசம்பரில் பேச்சு சேவையை நிறுத்தியது. டாட்டாவின் செல்பேசித் தொழில் 2019 ஜூலையில் ஏர்டெல்லோடு சேர்ந்தது. இடையில் 2018-ன் தொடக்கத்தில் ஏர்செல் படுத்தபோது நம் ஊரில் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். செல்பேசி எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற வரிசையில் நின்றோம். ஆனால் ஸ்வைப் மெஷினுக்குள், வண்டியின் டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடந்த ஏர்செல் சிம்மை எத்தனை பேர் நினைத்தோம்?

இன்றைய நிலவரம் பின்வருமாறு. ஏர்டெல் தன் 3ஜி சேவையை 2020-க்குள் நாடு முழுவதும் மூடியது, 2ஜியை வைத்துக்கொண்டது. ஜியோவுக்கு ஆரம்பம் முதலே 2ஜி கிடையாது. 2020 ஜூலையில் அதன் தலைவர் முகேஷ் அம்பானி, 2ஜி இல்லாத நாடாக இந்தியா ஆக வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். அப்போது சுமார் 30 கோடிப் பேர் 2ஜியில் இருப்பதாகவும் சொன்னார். நாளைக்கே மூடப்போகிறார்கள் என்று நாம் பீதி கிளப்பவில்லை. ஆனால் 2ஜி மட்டுமே தெரிந்த கருவியை இனிப் புதிதாக வாங்குவது, காலாவதித் தேதி நெருங்கிய பிஸ்கட்டை மொத்தமாகக் கொள்முதல் செய்வது போலத்தான். விலை குறைவாக இருப்பதன் காரணமும் அதுவே.

ஸ்வைப் மெஷின், கியூ.ஆர். பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி, வண்டியில் வைக்கும் ஜி.பி.எஸ். பெட்டி ஆகிய மூன்றுக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. அதாவது ஒரு செல்பேசியே இருக்கிறது. கருவியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் ஜி.பி.ஆர்.எஸ். என்று மட்டும் போட்டிருந்தால் அது 2ஜி. மெஷினின் திரையில் சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் ஆங்கில ‘ஜி’ அல்லது ‘இ’ எழுத்து வந்தாலும் அந்த நேரத்தில் அது 2ஜியில்தான் ஓடுகிறது. சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தின்போது திருநள்ளாற்றுக் கடைகளில் பணம் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 4ஜி கருவி கேட்டு வாங்குங்கள். பழையதைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுத்து மூலமான ரசீது அவசியம். மெஷின் மேஜை டிராயரில் தூங்கினாலும் மாத வாடகை கணக்கில் கழிந்துகொண்டே இருக்கும்.

டாட்டா ஏஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து சரக்கு ஏற்றி வரும் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பெட்டி வைத்தவர்கள், வண்டி இரண்டாம் கையாக வந்ததென்றால் உள்ளே இருக்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய உரிமையாளர் கட்டணம் கட்டுவதை நிறுத்திய அன்று பெட்டியும் நின்றுவிடும். கட்டிக்கொண்டே இருந்தால் உங்கள் வண்டி போகும் இடமெல்லாம் அவருக்குத் தெரியும்.

மறுபடி சுவருக்கு வருவோம். கடற்காற்று நம் ஊரில் செம்புக் கம்பியைத் தின்றுவிடுகிறது. மழை பெய்தால் போனில் கொரகொர சத்தம், பிறகு மௌனம். பி.எஸ்.என்.எல். இப்போது ஃபைபர் இணைப்புக்கு மாறச் சொல்கிறது. அதே 04368 எண்ணை வைத்துக்கொண்டே மாறலாம். பெயர்ப் பலகையை அழிக்க வேண்டியதில்லை. ஆனால் மாறும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, கரண்ட். செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து சுமார் 48 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். தெருவே இருட்டானாலும் டெலிபோன் பேசியது அதனால்தான். ஃபைபரில் கண்ணாடி இழை வழியாக ஒளிதான் வருகிறது, மின்சாரம் வராது. கடையில் வைக்கும் மோடத்துக்கு நம் கரண்ட் வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபோது நாகை மாவட்டத்தின் பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நாள் வந்தால் மோடத்தின் பச்சை விளக்கு அணையும், அதனோடு டெலிபோனும், டெலிபோனை நம்பிய அலாரமும் அணையும். மோடத்துக்கென்றே சிறிய பேட்டரிப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. சில மணி நேரம் தாங்கும். மாறுகிற அன்றே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, பழைய டெலிபோன் கருவி. விரலை விட்டுச் சுழற்றும் கருவி எண்ணை மின்துடிப்புகளாக அனுப்புகிறது. 5 என்றால் ஐந்து துடிப்பு, பூஜ்யம் என்றால் பத்து. பட்டன் கருவி ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்புகிறது. ஃபைபர் மோடங்களில் பலவற்றுக்கு இந்த ஒலி மட்டுமே புரியும். சுழற்றும் கருவியில் மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், நீங்கள் யாரையும் அழைக்க முடியாது. பட்டன் கருவியிலும் அடியில் ‘பி’, ‘டி’ என்று ஒரு சிறு ஸ்விட்ச் இருந்தால் ‘டி’ பக்கம் தள்ளி வையுங்கள். அவ்வளவுதான் ரிப்பேர்.

பிரான்சிலிருந்து சொல்தா குடும்பங்கள் கொண்டுவந்த டெலிபோன்கள் நம் ஊர் வீடுகளிலும் கடைகளிலும் இன்னும் உண்டு. அவற்றின் பிளக்கே வேறு அமைப்பு, நம் மோடத்தில் பொருந்தாது. பிரான்சிலும் செம்புக் கம்பி வலையை 2030-க்குள் முழுவதும் மூட ஆரஞ்சு கம்பெனி திட்டமிட்டுச் செய்து வருகிறது. அங்கே உள்ள உறவினர் வீட்டில் பெட்டி மாறினாலும் பொதுவாக எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, சுவருக்குள் புதைந்த கம்பியைப் பிடுங்க வேண்டாம். மோடத்தில் ‘டெல்’ என்று எழுதிய துளையிலிருந்து ஒரு வயரைப் பழைய பெட்டிக்குக் கொடுத்தால் கோடவுன், மாடி எல்லா இடத்திலும் பழையபடியே மணி அடிக்கும். ஆனால் அதற்கு முன், தெருக் கம்பத்திலிருந்து வரும் செம்புக் கம்பியைப் பழைய பெட்டியிலிருந்து கட்டாயம் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் இணைத்தால் இரண்டு பக்க மின்சாரமும் மோதி மோடம் புகைந்துவிடும். லைன்மேன் வந்திருக்கும்போதே இதை அவர் கையால் செய்யச் சொல்லுங்கள். அவர் கிளம்புவதற்கு முன் கோடவுன் பின்கதவை ஒரு முறை திறந்து, செல்பேசி அடிக்கிறதா என்று அவர் எதிரிலேயே பார்த்துவிடுங்கள்.