அச்சு முறுக்கு: பெயரும் பக்குவமும்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறங்களில் தீபாவளிப் பலகாரங்களுள் அச்சு முறுக்குக்குத் தனியிடம் உண்டு. அதன் பெயர் ஆராயத்தக்கது. கை முறுக்கை விரலால் முறுக்குகிறோம், பெயர்க்காரணம் வெளிப்படை. அச்சு முறுக்கிலோ முறுக்குதலே இல்லை. பின் ஏன் அப்பெயர்? 'முறுகல் தோசை' என்னும் வழக்கை நோக்குக. நன்றாக வெந்து மொறுமொறுப்பாதலே முறுகுதல். ஆகவே, இங்கு முறுக்கு என்பது வடிவத்தை விட்டுப் பதத்தைக் குறித்தது எனக் கொள்ளலாம்.

அண்டை வீட்டார் இதனை வேறு கண்கொண்டு நோக்கினர். மலாய்க்காரர் 'குவே லோயாங்' என்பர். லோயாங் என்றால் பித்தளை. பூவடிவம் கண்டு 'குவே ரோஸ்' என்பாரும் உளர். சீனர் தேன்கூட்டின் பெயரால் அழைப்பர். சிங்களவரின் 'கொக்கிஸ்' டச்சுச் சொல்வழி வந்தது. இத்தாலியிலும் இத்தகைய பெயர் வேறுபாடு உண்டு. அங்கே தவக்காலத்துக்கு முன் நாடாவாக வெட்டிப் பொரிக்கும் இனிப்பு ஒன்று, டஸ்கனியில் 'கந்தல்', பீட்மாண்டில் 'பொய்கள்', மிலானில் 'வெட்டிப்பேச்சு' எனப் பொருள்படும் பெயர்களைப் பெறுகிறது.

இனிப் பக்குவம் காண்போம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், சீனி, முட்டை ஆகியவற்றைக் கரைத்து எள் தூவுவர். அச்சை எண்ணெயில் காயவைத்து, கரைசலில் முக்கால் பங்கே தோய்க்க வேண்டும். விளிம்புக்கு மேல் ஏறிய மாவு அச்சை விட்டுக் கழலாது. அச்சின் சூடு குறைந்தாலும் மிகுந்தாலும் மாவு பற்றாது. அரிசி மாவு அடியில் தங்குமாதலால் இடையிடையே கலக்கவேண்டும். சீனி கூடினால் விரைவில் கருகும்.

இவ்வளவும் பொது. வேறுபாடுகள் வீட்டுக்கு வீடு உண்டு. சைவ வீட்டார் முட்டையை விலக்குவர். சிலர் கோதுமை மாவு கலப்பர். சிலர் எள்ளுக்குப் பதில் சீரகம் இடுவர். பால் டின்னே பலருக்கு அளவு. கரைசலின் பதத்தைக் கரண்டியில் வழியவிட்டுக் கண்ணால் அறிவர். எழுதிவைத்தவர் சிலரே.

இங்கேதான் கவலை பிறக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தோன்றியது இவ்வட்டாரத்தில்தான். அதன் பெயர் 'தென்னமரம்' என்னும் தமிழ்ச் சொல். இன்று முறுக்குப் பொரிவதும் பெரும்பாலும் செம்பனை எண்ணெயிலேயே. ஆயினும் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போக, குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்தன. பித்தளை அச்சை எடுத்துச் செல்லலாம். பாட்டியின் கையளவை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது.

ஆசிரியர்கள் இதனை ஒரு மொழிப்பயிற்சியாக்கலாம். மாணவர் தத்தம் வீட்டுப் பக்குவத்தையும், அளவையும், பதம் தவறினால் சொல்லும் சொற்களையும் கேட்டெழுதட்டும். பலகாரத்தோடு அகராதியில் ஏறாத தமிழும் பிழைக்கும்.