திறந்தால் காலி!

பழைய ஆண்ட்ராய்டு போனுக்கு மறுவாழ்வு தர விரும்புபவர்கள் முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறந்த மறுநிமிடமே போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். எதைக் காப்பாற்றலாம், எதைக் காப்பாற்ற முடியாது?

ஒரு ஸ்மார்ட்போன் இரண்டு முறை சாகிறது. பேட்டரி உப்பி, திரை நொறுங்கிச் சாவது ஒன்று. அதற்கு வெகு நாள் முன்பே, ‘இந்த மாடலுக்கு இனி புதிய மென்பொருள் கிடையாது’ என்று கம்பெனி கைகழுவும்போது சாவது இன்னொன்று. 2017 ஜனவரியில் ரூ. 9,999 ஆரம்ப விலையில் இந்தியாவுக்கு வந்து, கடைக்கு வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்த ஷியோமியின் ரெட்மி நோட் 4 இதற்கு நல்ல உதாரணம். ஆண்ட்ராய்டு 6 உடன் வந்த அந்த போனுக்குக் கம்பெனி கொடுத்தது ஆண்ட்ராய்டு 7 வரைதான். ஆனால் அதன் பிறகும் பல ஆண்டுகள் அது புதுப்புது ஆண்ட்ராய்டுகளில் ஓடியது. உபயம்: லீனியேஜ் ஓஎஸ் போன்ற மென்பொருள்களைச் சம்பளமில்லாமல் எழுதிக்கொடுக்கும் தன்னார்வலர்கள்.

இந்தியாவுக்கு இந்த உலகம் புதிதல்ல. லீனியேஜின் முன்னோடியான சயனோஜென், 2014 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றப் படியேறியது. அந்த மென்பொருளை இந்தியாவில் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்று மைக்ரோமேக்ஸும் ஒன்பிளஸும் மோதிக்கொண்டன. ஒன்பிளஸ் போனின் விற்பனைக்குச் சில நாட்கள் தடைகூட விழுந்தது. 2016 இறுதியில் சயனோஜென் கடையை மூடியது. அதன் சாம்பலிலிருந்து எழுந்ததுதான் லீனியேஜ்.

இன்றும் கல்லூரி விடுதிகளிலும், தில்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் சாலை, பெங்களூர் எஸ்பி சாலை, சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளிலும் இந்த மறுபிறவி வைத்தியத்துக்கு ஆள் இருக்கிறது. வைத்தியத்தின் முதல் படி, பூட்லோடரைத் திறப்பது. பலர் கோட்டைவிடும் இடமும் அதுதான்.

ஏன் அழிகிறது?

பூட்லோடர் என்பது, போனுக்கு உயிர் கொடுத்ததும் முதலில் கண்விழிக்கும் சிறு நிரல். வாசலில் நிற்கும் காவலாளி என்று வைத்துக்கொள்ளலாம். கம்பெனியின் கையெழுத்து உள்ள மென்பொருளை மட்டுமே அது உள்ளே விடும். வேறு மென்பொருளை ஏற்ற வேண்டுமானால் காவலாளியை விலகி நிற்கச் சொல்ல வேண்டும். அதற்கான வழியைப் பல கம்பெனிகள் தாங்களே வைத்திருக்கின்றன. செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை 7 முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ என்பதை அனுமதித்துவிட்டு, போனைக் கம்ப்யூட்டருடன் இணைத்து ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். திரையில் எச்சரிக்கை வரும். ஒலியளவுப் பொத்தானால் ‘சரி’ என்றதும் காவலாளி விலகிவிடுவார், வீட்டைக் காலி செய்துவிட்டு.

இது கம்பெனியின் பழிவாங்கல் அல்ல, பாதுகாப்பு. தகவல்கள் அழியாமல் பூட்லோடரைத் திறக்க முடியும் என்றால், போனைத் திருடியவரும் அதைச் செய்யலாம். தனக்கு வேண்டிய மென்பொருளை ஏற்றி, உள்ளே இருக்கும் படங்களையும் கடிதங்களையும் சாவகாசமாக வாசிக்கலாம். எனவே கதவு திறக்கும்போது உள்ளே எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி.

பழைய காலத்துப் போன்களில் அழித்த பிறகும் ஏதாவது மீட்க வழி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. 2015ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், திறன் வாய்ந்த புதிய போன்களில் தகவல்களைச் சங்கேத வடிவில் பூட்டிவைப்பது கட்டாயமாகத் தொடங்கியது. பூட்லோடரைத் திறக்கும்போது அந்தச் சங்கேதத்தின் சாவி அழிகிறது. சாவி போன பிறகு, நினைவகச் சிப்பைக் கழற்றி எடுத்தாலும் கிடைப்பது வெறும் குப்பை. ‘டேட்டா ரெகவரி’ பலகை மாட்டிய கடைக்காரரால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

கோழியா, முட்டையா?

அப்படியானால் போனை அப்படியே முழுசாக நகல் எடுத்துவிட்டுத் திறக்கலாமே? இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு செயலியின் உள்ளறைத் தகவலையும் விடாமல் நகலெடுக்க ‘ரூட்’ என்ற உச்ச அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் பெற, பெரும்பாலான போன்களில் பூட்லோடரைத் திறந்தாக வேண்டும். திறந்தாலோ, நகலெடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. முழு பேக்கப் எடுக்கும் வசதி, தேவை தீர்ந்த பிறகுதான் கைக்கு வருகிறது.

2011ல் ஆண்ட்ராய்டு 4 உடன் ஒரு மாற்று வழி வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து ‘ஏடிபி பேக்கப்’ என்ற கட்டளை கொடுத்தால், ரூட் இல்லாமலே செயலிகளின் தகவல்கள் ஒரே கோப்பாக வந்து சேரும். ஆனால் தங்கள் தகவலைத் தர மறுக்கும் உரிமை செயலிகளுக்கு இருந்தது. 2021ல் வந்த ஆண்ட்ராய்டு 12, அதற்கேற்ப எழுதப்பட்ட செயலிகளின் தகவலையே இந்தக் கட்டளைக்கு எட்டாமல் செய்துவிட்டது. பழைய குறிப்புகளை நம்பி இன்று இந்தக் கட்டளையைக் கொடுப்பவருக்கு ஒரு கோப்பு கிடைக்கும். உள்ளே வேண்டியது இருக்காது.

ஆக, ஒரே கட்டளையில் எல்லாம் என்பது கனவு. ஒவ்வொன்றையும் அதனதன் வழியில்தான் வெளியே எடுக்க வேண்டும்.

எதை, எப்படி?

படங்கள்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகின்றன. கூகுள் போட்டோஸ் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் அதன் இலவச அளவில்லாச் சேமிப்பு 2021 ஜூன் 1ல் முடிந்தது. இப்போது மின்னஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபிதான். இடம் நிரம்பியிருந்தால் புதிய படங்கள் ஏறியிருக்காது. தவிர, கேமராவில் எடுத்தவை மட்டுமே தானாக ஏறும். மற்ற ஃபோல்டர்களை நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, டிசிஐஎம், பிக்சர்ஸ், டவுன்லோட், ரெக்கார்டிங்ஸ் ஆகிய ஃபோல்டர்களை நகலெடுப்பதே நிச்சயமான வழி.

தொலைபேசி எண்களில் சில கூகுள் கணக்கிலும், சில போனிலும், சில சிம்மிலும் சிதறிக் கிடக்கும். கூகுள் கணக்கில் உள்ளவை தப்பிக்கும். போனில் மட்டும் உள்ளவை போகும். கான்டாக்ட்ஸ் செயலியில் ‘எக்ஸ்போர்ட்’ செய்தால் எல்லாம் ஒரே கோப்பாகிவிடும். எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல், செட்டிங்ஸ் ஆகியவற்றைக் கூகுளின் பேக்கப் எடுத்துக்கொள்கிறது. செயலிகளின் தகவலையும் எடுக்கும், ஆனால் செயலி ஒன்றுக்கு 25 எம்பி வரைதான், அதுவும் செயலி அனுமதித்தால். பேச்சைப் பதிவு செய்யும் செயலி, குறிப்பெழுதும் செயலி, கணக்கு வைக்கும் செயலி ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, தகவல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதிகம் அழவைப்பது வாட்ஸாப். இறந்துபோன அப்பாவின் குரல் இன்று பல குடும்பங்களில் இருப்பது ஒரு வாட்ஸாப் குரல் செய்தியில்தான். அது கம்பெனியின் சர்வரில் இல்லை, போனில் இருக்கிறது. கூகுள் டிரைவுக்கு பேக்கப் எடுக்கலாம். 2024 முதல் அதுவும் அந்த 15 ஜிபி கணக்கில்தான் சேர்கிறது. வீடியோக்களைச் சேர்க்கும்படி தனியாகச் சொல்லாவிட்டால் அவை போகாது. இது தவிர தினமும் அதிகாலை 2 மணிக்கு வாட்ஸாப் போனுக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து வைக்கிறது. அந்த நகலும் போனோடு அழியும். எனவே ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டரில் ‘மீடியா’வுக்குள் இருக்கும் வாட்ஸாப் ஃபோல்டரைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுவது நல்லது. மீண்டும் நிறுவும்போது ‘பழையதை மீட்கவா?’ என்று வாட்ஸாப் கேட்கும். அவசரத்தில் ‘ஸ்கிப்’பைத் தட்டிவிட்டால், செயலியை நீக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பூட்டுக்குள் பூட்டு

பேக்கப் பத்திரமாக இருந்தும் திறக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. 2021ல் வாட்ஸாப் பேக்கப்பையும் சங்கேத வடிவில் பூட்டும் வசதி வந்தது. அதற்கு ஒரு பாஸ்வேர்ட் அல்லது 64 எழுத்துச் சாவி உண்டு. மறந்துவிட்டால், வாட்ஸாப் கம்பெனியே நினைத்தாலும் மீட்க முடியாது. கூகுளின் பேக்கப்பும் அப்படித்தான்: அதைத் திறக்கப் பழைய திரைப் பூட்டின் எண் அல்லது கோலம் தேவைப்படும்.

இன்னொரு பொறி, இரட்டைச் சோதனை. புதிதாகப் பிறந்த போனில் கூகுள் கணக்குக்குள் நுழையும்போது, ‘உங்கள் போனில் வந்த கேள்விக்கு ஆம் சொல்லுங்கள்’ என்று வரும். கேள்வி போக வேண்டிய போன் இதுதான். கூகுள் தரும் 8 இலக்க பேக்கப் எண்கள் பத்தையும் காகிதத்தில் எழுதி வைத்தவர் தப்பிப்பார். ரகசிய எண்களை உருவாக்கும் கூகுள் ஆதன்டிகேட்டர், 2023 ஏப்ரல் முதல் கூகுள் கணக்கில் சேமித்துக்கொள்ளும் வசதியைப் பெற்றது. அந்த வசதி போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு போனுக்கு மாற்றிவிட வேண்டும்.

மெமரி கார்டில் போட்டுவைத்தால் பயமில்லை என்பதும் பாதி உண்மை. கார்டைப் போனின் உள்நினைவகமாகச் சேர்த்திருந்தால், அதன் சாவியும் போனுக்குள்தான். போன் அழிந்ததும் கார்டு ஊமையாகிவிடும்.

யுபிஐ விஷயத்தில் பணத்துக்கு ஆபத்தில்லை. அது வங்கியில் இருக்கிறது. ஆனால் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி மறுபடி பதிவு செய்ய வேண்டும். யுபிஐ லைட்டில் போட்டு வைத்த சில்லறையை முன்கூட்டியே வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிடுவது புத்திசாலித்தனம்.

நகல் இல்லாதவை

சில இழப்புகளுக்கு எந்த பேக்கப்பும் கிடையாது. பழைய சோனி எக்ஸ்பீரியா போன்களில் பூட்லோடரைத் திறந்ததும் சில உரிமச் சாவிகள் நிரந்தரமாக அழிந்தன. கேமராவின் தரம்கூடக் குறைந்தது. சாம்சங் போன்களில் அங்கீகாரமில்லாத மென்பொருளை ஏற்றினால், உள்ளே ஒரு மின்னணு ஃபியூஸ் எரிகிறது. கம்பெனி மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் அது ஒட்டாது. ‘செக்யூர் ஃபோல்டர்’ வசதி அந்த போனில் அத்தோடு சரி.

பல போன்களில், பூட்லோடர் திறந்திருக்கும்வரை நெட்ஃப்ளிக்ஸ் போன்றவற்றில் துல்லியமான படம் வராது. அதைவிட முக்கியமாக, வங்கிச் செயலிகளும் பணச் செயலிகளும் கூகுளின் ‘ப்ளே இன்டெக்ரிட்டி’ சோதனை மூலம் போனை மோப்பம் பிடிக்கின்றன. திறந்த பூட்லோடரைக் கண்டால் சில வேலை செய்ய மறுக்கின்றன. டீக்கடையில்கூட க்யூஆர் அட்டை தொங்கும் நாட்டில் இது சின்ன இழப்பு அல்ல. ஒரே போன் வைத்திருப்பவர் இருமுறை யோசிக்க வேண்டும். ‘சரிப்படாவிட்டால் மறுபடி பூட்டிக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பூட்டும்போதும் எல்லாம் அழியும். கம்பெனி மென்பொருள் சரியாகத் திரும்பாத நிலையில் பூட்டினால் போனே செங்கல் ஆகலாம்.

திறக்கும் உரிமையும் சுருங்கி வருகிறது. ஹுவாவே 2018ல் அதற்கான எண்களைத் தருவதையே நிறுத்திவிட்டது. கூகுளின் பிக்ஸல் போன்ற சிலவே இன்னும் தாராளம் காட்டுகின்றன.

எடுத்தது இருக்கிறதா?

எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தானது. கேபிள் வழியாகப் போகும் நகல், பெரிய வீடியோக்களின் நடுவே சத்தமில்லாமல் நின்றுவிடும். ‘பேக்கப் முடிந்தது’ என்று போன் சொல்லும் தேதி மூன்று மாதத்துக்கு முந்தையதாக இருக்கும். எனவே சோதனை அவசியம். போனில் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் கம்ப்யூட்டரில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். கடைசியாக எடுத்த வீடியோவையும், மிகப் பழைய படத்தையும் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். கூகுள் கணக்கில் வேறொரு கருவியிலிருந்து நுழைந்து, தொலைபேசி எண்கள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர்காரர்களின் பழைய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். போனில் இருக்கும் பிரதியைச் சில நிமிடங்களில் நாமே அழிக்கப்போகிறோம் என்பதால், இங்கே அந்த விதி இன்னும் பொருத்தம்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பவர்களுக்கு ஷியோமி ஓர் உதவி செய்கிறது, கேட்காமலே. திறக்க அனுமதி கேட்டால் பல மாடல்களில் 168 மணி நேரம், அதாவது முழுதாக ஒரு வாரம், காத்திருக்கச் சொல்கிறது. அந்தக் காத்திருப்பைத் திட்டித் தீர்க்காத வாடிக்கையாளர் குறைவு. ஆனால் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக நகலெடுத்து, திறந்து பார்த்துச் சரிபார்க்க அதைவிடப் பொருத்தமான அவகாசம் கிடையாது. மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஏற்றலாம். அப்பாவின் குரலை ஏற்ற, அது எங்காவது இருந்தாக வேண்டும்.