மலைப்பாதையில் இருமும் மோட்டார்

மலைநாட்டின் காலைப் பொழுதை அறியாதார் யார்? தேயிலைச் செடிகளின்மேல் மூடுபனி வெண்போர்வையாய்ப் படிந்து கிடக்கிறது. நோட்டன் பிரிட்ஜில் கெஹெல்கமு ஓயாவைத் தேக்கி நிற்கும் அணைக்கட்டு பனிக்குள் பாதி மறைந்திருக்கிறது. அதன் அருகிலிருந்து பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்று ஹட்டனை நோக்கி ஏறத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் சீராக ஓடிய வண்டி, முதல் ஏற்றத்திலேயே இருமுகிறது, உடல் குலுங்குகிறது, இழுவை குறைகிறது. பின்னால் கரும்புகை எழுகிறது. உள்ளே பெற்றோல் நெடி மூக்கைத் துளைக்கிறது. “இஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறது” என்கிறார் சாரதி. பின்னிருக்கையில் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நோயாளி ஒருவர் படுத்திருந்தால், அந்த இருமல் வெறும் இயந்திரக் கோளாறாக இராது. அது ஓர் உயிரைப் பற்றிய கவலையாகிவிடும்.

பழைய கார்களைப் பற்றி இன்று எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மொரிஸ் மைனர், 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றில் பல நம் நாட்டுக்கு வந்தன, இன்றும் ஓடுகின்றன. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், இருக்கும் வண்டியைப் பேணிக் காப்பதன் அருமையை நம்மவர் நன்கு உணர்ந்தனர். பழைய வண்டியை வைத்திருப்பவருக்குப் பணத்தைவிட முதலில் வேண்டுவது நிதானமான ஆராய்ச்சி. அதன் வழியையே இங்கு கூற முனைகிறோம்.

காற்று, பெற்றோல், பொறி

இஞ்சினின் வேலை மிக எளியது. சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் கலந்து புகுகின்றன. பிஸ்டன் அக்கலவையை அழுத்துகிறது. பிளக்கில் ஒரு மின்பொறி தெறிக்கிறது. கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. எரிந்த புகை வெளியேறுகிறது. நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது, ஒரு விநாடிக்கு 100 பொறிகள் தெறிக்கின்றன. பெற்றோலின் நிறையைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு நிறையுள்ள காற்றுச் சேர்ந்தால்தான் கலவை செவ்வையாக எரியும்.

பொறி, கலவை, அழுத்தம் ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டர் எரியாமல் விட்டுவிடும். அதுவே மிஸ்ஸிங். எரியாத பெற்றோல் எங்கே போகும்? புகைக்குழாய் வழியே அப்படியே வெளிவரும். ஆகையால் இருமலும் நெடியும் இரு வேறு நோய்களல்ல. பெரும்பாலும் ஒரே நோயின் இரு குறிகள்.

மூக்கும் செவியும்

கைதேர்ந்த மெக்கானிக் முதலில் கருவியை எடுப்பதில்லை. மோந்து பார்க்கிறார்; காது கொடுத்துக் கேட்கிறார். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் முறை அது.

பச்சைப் பெற்றோலின் மணமும் கரும்புகையும் சேர்ந்து வந்தால், கலவையில் பெற்றோல் மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். கரும்புகை இல்லாமல் மணம் மட்டும் வந்து இஞ்சின் குலுங்கினால், பொறியின்மேல் ஐயம் கொள்ளவேண்டும். நீலப்புகையும் எண்ணெய் கருகும் மணமும், சிலிண்டருக்குள் எண்ணெய் புகுவதைக் காட்டும். இஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை நில்லாமல் வந்து, ரேடியேற்றரில் நீர் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கட் பழுதடைந்திருக்கலாம். குளிர்ந்த காலையில் வண்டியைக் கிளப்பியதும் தோன்றும் மெல்லிய வெண்ணாவியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அது குளிரில் ஒடுங்கிப் புகைபோல் தோன்றுகிறது.

அடுத்தது செவி. புகைக்குழாயின் வாயிலில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். சீரான இஞ்சின் காகிதத்தை இடைவிடாது வெளியே தள்ளும். ஒரே தாளத்தில் விட்டு விட்டு அடித்தால், குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. தாளமின்றித் தாறுமாறாக அடித்தால், நான்கு சிலிண்டருக்கும் பொதுவான காபரேற்றரையோ கொயிலையோ ஆராயவேண்டும். காகிதம் இடையிடையே உள்நோக்கி இழுக்கப்பட்டால், புகை வால்வு சரிவர மூடவில்லை என்று கருத இடமுண்டு.

குற்றவாளி யார்?

நான்கில் எது வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய முறை உண்டு. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, இஞ்சினை மெல்ல ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டவேண்டும். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இஞ்சின் மேலும் தள்ளாடும். எந்த வயரைக் கழற்றியும் ஓசையில் மாற்றமில்லையோ, அதுவே குற்றவாளி. வெறுங்கையால் இதைச் செய்யலாகாது. அந்த வயர்களில் பத்தாயிரம் வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் பாய்கிறது. மாணவர்கள் விளையாட்டாகவும் இதைத் தொடக்கூடாது. புகையைத் தூய்மை செய்யும் கருவி பொருத்திய பிற்காலக் கார்களில் இம்முறையைக் கையாள்வதும் தவறு. எரியாத பெற்றோல் அக்கருவியைக் கெடுத்துவிடும்.

பின்னர் பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் நுனியைப் பார்க்கவேண்டும். இளந்தவிட்டு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகை. பெற்றோலால் நனைந்திருந்தால் பொறி இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்துள்ளது. வெளுத்து வெந்திருந்தால் காற்று மிகை அல்லது அளவுமீறிய சூடு. ஐயத்துக்குரிய பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். நோயும் கூடவே இடம் மாறினால் குற்றம் பிளக்கினுடையது. மாறாவிட்டால் குற்றம் வேறிடத்தில் உள்ளது.

ஈரத்தின் திருவிளையாடல்

மலைநாட்டுக்கென்று ஒரு தனிப்பகை உண்டு, அதுதான் ஈரம். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இத்தகைய நாட்டில் பிளக் வயர்களின் உறை வெடித்திருந்தாலும், டிஸ்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை போன்ற கீறல் இருந்தாலும் போதும். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே நழுவிவிடும். வெயில் ஏறியதும் வண்டி தானே குணமாகிவிடுவதும், மாலைப் பனியில் மீண்டும் இருமுவதும் இதன் அடையாளம். இருட்டில் மூடியைத் திறந்து பார்த்தால், வயர்களின்மேல் நீலப்பொறி ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற்றுகளையும் மறந்துவிடக்கூடாது. மொரிஸ் மைனர் 1000 இஞ்சினில் அவற்றின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் முனையின் இடைவெளி 0.025 அங்குலம். இவை தேய்ந்தோ கருகியோ போனால், ஏற்றத்தில் பாரம் கூடும்போதுதான் குட்டு வெளிப்படும். நன்கு அழுத்தப்பட்ட கலவைக்குள் பாய வலுவான பொறி வேண்டுமன்றோ?

உயரமும் காபரேற்றரும்

பொறி சரியாக இருந்தும் கரும்புகை ஓயவில்லையா? காபரேற்றரை நாடவேண்டும். குளிரில் கிளப்புவதற்காக இழுத்த சோக், துருவேறிய கம்பியால் முழுவதும் திரும்பாமல் நின்றுவிடுவதுண்டு. காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். மிதவைக்குரிய ஊசி வால்வில் அழுக்குச் சிக்கி, பெற்றோல் வழிந்துகொண்டிருக்கலாம்.

உயரத்துக்கும் இதில் பங்குண்டு. மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஏறத்தாழ 4000 அடி உயரத்திலுள்ள ஹட்டனில், கடற்கரையைவிடக் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. 6000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் அளவாகத் திருத்தப்பட்ட காபரேற்றர், மலையில் பெற்றோலைச் சற்று மிகையாகவே கொடுக்கும். நல்ல இஞ்சின் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நலிந்த இஞ்சின் தாங்காது. எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, இஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். ஆதலால், “ஓடத்தானே செய்கிறது” என்று காலங்கடத்துவது பின்னர் பெருஞ்செலவில் முடியும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் உயிர்பெறாவிட்டால், அழுத்தத்தை அளந்து பார்க்கவேண்டும். பழைய இஞ்சின்களின் வால்வு இருக்கைகள், ஈயம் கலந்த பெற்றோலை எண்ணிச் செய்யப்பட்டவை. அந்த ஈயம் அவற்றுக்குக் காப்பாக இருந்தது. மக்களின் உடல்நலம் கருதி 2002 ஆம் ஆண்டில் இலங்கையில் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. அது நன்மையே. ஆயினும் கடினமான இருக்கை பொருத்தப்படாத பழைய இஞ்சின்களில் புகை வால்வு மெல்ல உள்ளிறங்கி, இடைவெளி அற்று, மூடாமல் கருகக்கூடும். வால்வு இடைவெளியை அவ்வப்போது அளந்துவந்தால் இந்தச் சேதத்தை முன்கூட்டியே தடுக்கலாம்.

மணமில்லாத எதிரி

நிற்க. இதுவரை கூறியது இயந்திரத்தின் நலம். இனிக் கூறப்போவது மனிதரின் நலம். தாய்மார் இதைச் சற்றுக் கூர்ந்து படிக்கவேண்டும்.

பெற்றோல் மிகுந்த கலவை எரியும்போது காபன் மொனொக்சைட் என்னும் நச்சுவாயு ஏராளமாக உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. சைலன்சரிலோ புகைக்குழாயின் மூட்டிலோ ஓட்டை இருந்து, காரின் தரையும் துருப்பிடித்திருந்தால், குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் செல்லும் குடும்பம் அந்த நஞ்சையே சுவாசிக்க நேரும்.

தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், தூக்கம் ஆகியவையே இதன் முதற்குறிகள். மலைப்பாதையின் வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வருவது வழக்கம் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது! வளைவால் வரும் மயக்கம் சிலருக்குத்தான் வரும், சாரதிக்கு அரிது. காரிலுள்ள பலருக்கும் ஒருங்கே தலை வலித்து, வெளியே இறங்கியதும் தெளிந்தால், வளைவின்மேல் பழி போடாதீர்கள். உடனே வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, யாவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, வைத்தியரை நாடுங்கள். கருவுற்ற பெண்களுக்கும் சிறுகுழந்தைகளுக்கும் இந்த நஞ்சு மேலும் கொடியது. மூடிய கராஜுக்குள் இஞ்சினை ஓடவிடுவது, ஒரு நிமிடமாயினும் தகாது.

பெற்றோல் நெடி வந்தால், புகைக்குழாயை ஆராயுமுன் பெற்றோல் குழாய்கள் கசிகின்றனவா என்று பார்க்கவேண்டும். அந்நேரம் இஞ்சின் அணைந்திருக்கவேண்டும்; அருகில் பீடியோ நெருப்புக்குச்சியோ கூடாது. குழாய் மூட்டுகளில் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது என்பது உறுதி.

முடிவாக ஒன்று. ஒரே நாளில் பிளக், கொயில், காபரேற்றர் என்று எல்லாவற்றையும் மாற்றுபவர் பணத்தை இழக்கிறார். நோயின் காரணத்தையும் அறியாமலே விடுகிறார். ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை ஒரு கொப்பியில் குறித்து, அடுத்ததற்குச் செல்பவரே உண்மையைக் காண்பார். வீட்டில் பழைய கார் இருக்குமாயின், அந்தக் கொப்பியைப் பேணும் பொறுப்பைப் படிக்கும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். பாடசாலையில் கற்கும் பௌதிகமும் இரசாயனமும் அதன் பக்கங்களில் உயிர்பெறும். மழைநாளில் காரில் ஏறும் தாயின் மனத்திலும் அச்சம் குறையும்.